டிஸ்க் பிதுங்கியவர்கள் உட்கார்ந்து வேலை செய்வது எப்படி?

வணக்கம். 2 மாதமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்ததில், கீழ் முதுகில் எல்4, எல்5 என்ற இரண்டு முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று வந்தது. வலி இடுப்போடு நிற்பதில்லை. இடது தொடை வழியாக இறங்கி, கால் கட்டைவிரல் வரை மின்சாரம் பாய்வது போல இழுக்கிறது. தும்மல் வந்தால் முதலில் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். சாக்ஸ் போடுவதற்குள் வியர்த்துவிடுகிறது.

பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் அறுவை சிகிச்சை இல்லாமலே குறைந்துவிடும் என்றார் மருத்துவர். சிறுநீர் கழிப்பதில் சிக்கல், தொடை இடுக்கில் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, இதில் எது வந்தாலும் உடனே ஓடி வரச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, எதுவும் இல்லை.

முதல் வாரம் படுத்தே கிடந்தேன். அது தப்பு; உடம்பு இன்னும் விறைத்துப்போனதுதான் மிச்சம். இப்போது பத்துப் பத்து நிமிடமாக நடக்கிறேன், கொஞ்சம் கேட்கிறது. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும் பயிற்சியும் செய்கிறேன். அதைச் செய்தால் கால்வலி குறைந்து இடுப்பில் கூடுகிறது. அது நல்ல அறிகுறியாம், பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார். நம்பத்தான் சிரமமாக இருக்கிறது.

என் பிரச்சினை நாற்காலிதான். 20 நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை, வேலையோ 8 மணி நேரம். நின்றுகொண்டே வேலை செய்யும் மேசை யாருக்காவது உதவியதா? இடுப்புக்குப் பின்னால் என்ன வைத்துக்கொள்கிறீர்கள்? அப்புறம், முதுகுத்தண்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் இருந்தால், எத்தனை நாள் தாங்கியது என்று சொல்லுங்கள். இழுத்துச் சொடுக்கெடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம், அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது.