மணி போன பிறகு குட்டன் சட்டியைத் தொடவில்லை

ரப்பர்விளை, திருவட்டார்:

எங்கள் வீட்டில் நாய் இரண்டு. இருந்தது என்று எழுதத்தான் கை இன்னும் பழகவில்லை. மணிக்கு 11 வயது, குட்டனுக்கு 4. இரண்டுமே நாட்டுநாய். குட்டனைக் குலசேகரம் ரோட்டோரம் ஒரு மழைநாளில் எடுத்து வந்தபோது இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குவான். பால் கொடுத்தது அம்மா, வளர்த்தது மணி. விடியக்காலம் 4 மணிக்கு அண்ணன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டக் கிளம்பினால் முன்னே மணி, நடுவில் அண்ணன், பின்னே குட்டன். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

இந்த இடவப்பாதி மழையில் மணி போய்விட்டான். சிறுநீரகம் கெட்டுவிட்டது, வயசும் ஆச்சு என்றார் டாக்டர். அயனி மரத்து மூட்டில் குழி வெட்டினோம். குட்டன் பார்த்தால் தாங்கமாட்டான் என்று அவனை விறகுப்புரையில் அடைத்துப் போட்டேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவன் கணக்கில் மணி சாகவில்லை, காணாமல் போயிருக்கிறான். மூன்று நாள் தேடினான். தொழுவம், கிணற்றடி, ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரை என்று ஒரு இடம் விடவில்லை. அப்புறம் தேடுவதை நிறுத்திவிட்டு மணியின் சாக்கில் போய்ச் சுருண்டுவிட்டான். சோறு வேண்டாம்.

நாங்கள் பதறிப்போய் செய்ததெல்லாம் கோமாளித்தனம். சாளை வறுத்துக் கொடுத்தோம். அண்ணன் பீஃப் வாங்கி வந்தார். அம்மா மடியில் தலையை வைத்து ஊட்டிவிட்டாள், ஊட்டும்போதே அழுவாள். இரண்டு வாய் தின்பான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். நாலாம் நாள் வெறும் சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. அது துக்கமா, அடுத்து பீஃப் வரும் என்ற எதிர்பார்ப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலைமைக்கு நாங்களே கொண்டு வந்துவிட்டோம்.

ஐந்தாம் நாள் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு வெளிறிக் கிடந்தது. காது கொதித்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உண்ணிக்காய்ச்சல் என்றார் டாக்டர். 28 நாள் மாத்திரை. சோடி போன சோகம் என்று ஐந்து நாள் சும்மா இருந்ததில் பாதி காய்ச்சலாம்! இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: ஒன்று செத்து இன்னொன்று சாப்பிடவில்லை என்றால் முதலில் காய்ச்சல் பாருங்கள், ஈறு பாருங்கள், மூத்திரத்தின் நிறம் பாருங்கள். பிறகு துக்கத்தைப் பற்றிப் பேசலாம்.

காய்ச்சல் இறங்கியது. ஆனாலும் சட்டியின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வாயில் எச்சில் ஒழுகுகிறது, தின்னமாட்டேன் என்கிறான். கண்டுபிடித்தது அம்மாதான். எப்போதும் மணி முதலில் வாய் வைப்பான், அவன் சட்டி சத்தம் கேட்ட பிறகுதான் குட்டன் தன் சட்டியில் தலையை விடுவான். “அவன் துக்கம் கொண்டாடவில்லை மக்கா, அவன் முறைக்குக் காத்திருக்கான்” என்றாள். மணியின் அலுமினியச் சட்டியை எடுத்து வந்து பழைய இடத்திலேயே வைத்தாள். ஒரு பிடி சோறு போட்டு அகப்பையால் இரண்டு தட்டு தட்டினாள், கிண்ணென்று. குட்டன் காது நிமிர்ந்தது. அந்தச் சட்டியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். முழுச் சட்டியையும் நக்கி முடித்தான்.

இரண்டு வாரம் அப்படியே தட்டினாள். பிறகு சட்டியை வைக்காமல் அகப்பையால் தரையில் தட்டினாள். இப்போது அதுவும் வேண்டியதில்லை.

மருமகள் போனில் ஒன்று வாசித்துக் காட்டினாள். இத்தாலியில் இரண்டு நாயாவது வைத்திருந்து ஒன்றைப் பறிகொடுத்த 426 பேரிடம் கேட்டு, 2022-ல் வெளியிட்டிருக்கிறார்கள். 86 சதவீதம் பேர் மிச்சமிருந்த நாயிடம் மாற்றம் கண்டிருக்கிறார்கள். எத்தனை வருஷம் சேர்ந்து இருந்தன என்பது பெரிதில்லையாம். இரண்டும் கூட்டாளிகளா, தாய் பிள்ளை மாதிரியா என்பதுதான் முக்கியமாம். வீட்டுக்காரர் துக்கம் கூடினால் நாயின் பயமும் சோறு மறுப்பதும் கூடுகிறது என்றும் இருந்தது. அதைக் கேட்டதிலிருந்து அம்மா சோறு வைக்கும்போது அழுவதில்லை. அடுக்களைக்குள் போய் அழுகிறாள்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது, சொல்லுங்கள்.

கோட்டாறு பூனைக்காரி:

அண்ணாச்சி, அந்தச் சட்டி விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

எங்கள் வீட்டில் அக்கா தங்கை இரண்டு பூனைகள். அக்கா பைக்கில் அடிபட்டுப் போனது. அன்றைக்கே அது படுத்த துணி, கூடை எல்லாவற்றையும் டெட்டால் போட்டு அலசிவிட்டேன். சுத்தம் என்று நினைத்துச் செய்ததுதான். தங்கைக்காரி ராத்திரி முழுக்க மொட்டைமாடியில் நின்று கத்தினாள், பிள்ளை அழுவது மாதிரி. அவளுக்கு மிச்சமிருந்தது அந்த வாசனை ஒன்றுதான், அதையும் நான் அலசி ஊற்றிவிட்டேன். பழைய துணி ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது, நல்லகாலம். அதை விரித்துப் போட்டதும் அதன்மேல் போய்ப் படுத்தாள்.

இன்னொன்று, பூனை வைத்திருக்கிறவர்கள் நாய்க்கதையைக் கேட்டு நாலு நாள் காத்திருக்காதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட்டுவிடும். குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம். என்னிடம் டாக்டர் சொன்னது, “ஒருநாள் முழுக்கத் தின்னலேன்னா மறுநாள் காலைல கொண்டு வந்திரணும்.” நான் நெத்திலியை லேசாகச் சூடு பண்ணிக் கொடுத்தேன். சூட்டில் மணம் கூடும், அதற்கு மசிந்தாள்.

தெருவில் எல்லாரும் “இன்னொரு குட்டி எடுத்துக் குடு, சரியாயிரும்” என்றார்கள். பத்தாம் நாள் எடுத்தும் வந்தேன். அடடா! சீறல், திரைச்சீலையில் மூத்திரம், என் கையில் நாலு கீறல். கடைசியில் குட்டியைத் தனி அறையில் வைத்து, கதவுக்கு அந்தப் பக்கம் அதன் தட்டு, இந்தப் பக்கம் இவள் தட்டு. ஒன்றின் துணியை மற்றதற்குப் போட்டு மாற்றினேன். கதவைத் திறக்க ஒன்றரை மாசம் ஆனது. இப்போதும் சேர்ந்து தூங்குவது இல்லை, சண்டையும் இல்லை. அக்காவுக்குப் பதில் அக்கா கடையில் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:

புதுக்குட்டி எடுப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. என் வீட்டில் பெரியது ஒன்று, குட்டி ஒன்று. குட்டி பார்வோ என்ற வைரஸ் நோயில் போனது. பெரியது தடுப்பூசி போட்டது, தப்பித்தது, ஆனால் வாசலிலேயே படுத்துக் கிடந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் 16-ஆம் நாள் இன்னொரு குட்டி வாங்கினேன். விற்றவர் ஊசி போட்டாச்சு என்றார், ஒரு ஊசிதான் என்று பிறகு தெரிந்தது. ஒரு வாரத்தில் அதுவும் ரத்தமாகக் கழிந்து போனது. பார்வோ கிருமி மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சிமெண்ட் தரையைக் கழுவித் துடைத்துப் ப்ளீச்சிங் தண்ணீர் ஊற்றலாம், முற்றத்து மண்ணை என்ன செய்வது? குட்டிக்கு ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை இடைவெளி விட்டு ஊசி போட்டு முடித்தால்தான் நம்பலாம். பெரியவனை ஆறுதல் படுத்தப் போய் அவனுக்கு இரண்டாவது சாவையும் காட்டிவிட்டேன். அதற்குமேல் எழுத முடியவில்லை.

தோவாளைக் கிழவன்:

பிள்ளைகளே, நாய் பூனை மட்டும் இல்லை. எங்கள் அப்பாவிடம் உழவுமாடு ஒரு சோடி இருந்தது. நாஞ்சில்நாட்டு வயலில் சேறு முழங்கால் வரை வரும், அதில் பன்னிரண்டு வருஷம் சேர்ந்து உழுதது. வலப்பக்கத்து மாடு செத்துப்போனது. புதுமாட்டைக் கொண்டு வந்து பூட்டினால் பழையது ஓரடி எடுத்து வைக்காது. அடித்தும் பார்த்தார்கள். அப்பா ஒரு வேலை செய்தார்: ஏர் கட்டாமல் வெறும் நுகத்தை மட்டும் வைத்து, தினமும் சாயங்காலம் இரண்டையும் கால்வாய்க் கரையில் நடத்திக் கூட்டிப்போவார். புல்லு தின்னும், தண்ணி குடிக்கும், திரும்பி வரும். ஒரு மாசம். பிறகுதான் வயலில் இறக்கினார்.

கன்று செத்த பசுவுக்கு வைக்கோல் கன்று வைப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்தினால் பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். அது பசுவுக்கு ஆறுதலா நமக்குப் பாலா என்று சின்ன வயசில் அப்பாவிடம் கேட்டு அடி வாங்கினேன். திருவட்டார்க்காரரின் அம்மா சட்டியைத் தட்டியது வேறு வகை. அதில் ஏமாற்று இல்லை.

ரப்பர்விளை, திருவட்டார்:

எல்லாருக்கும் நன்றி. மார்த்தாண்டத்து நண்பரே, மனசு கனத்துவிட்டது.

பெரியவர் சொன்ன கால்வாய்க்கரை நடை மாதிரிதான் நாங்களும் செய்கிறோம். மாத்திரை முடிந்தது, குட்டன் மறுபடி அண்ணனோடு பால் வெட்டப் போகிறான். முதல் சில நாள் மணி திரும்பும் வளைவில் நின்றுவிடுவான். அண்ணன் அவனை இழுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. பக்கத்து மரத்தில் வெட்டிக்கொண்டே இருப்பார், அவனாக வருவான்.

முன்னால் மட்டும் நடப்பதில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, அண்ணனுக்குப் பின்னாலேயேதான் வருகிறான். போன வெள்ளிக்கிழமை புதருக்குள் முள்ளம்பன்றி சலசலத்தது. குட்டன் அண்ணன் காலைத் தாண்டி முன்னால் பாய்ந்து குரைத்தான். அது ஓடிப்போனது. ஒரு நிமிஷம் லைட் வெளிச்சத்தில் முன்னாலேயே நின்றான். அப்புறம் திரும்பி வந்து பழையபடி பின்னால் நின்றுகொண்டான்.