குரோஷே ஊசி செதுக்க எந்த மரம், எந்த கத்தி?

கேள்வி:
குரோஷே ஊசியும் சின்னதா ஒரு நெசவு நாடாவும் (தறியில குறுக்கு நூலைக் கொண்டுபோற கட்டை) நானே செதுக்கிப் பாக்கலாம்னு இருக்கேன். பேப்பர் கட்டர் வச்சு காய்ஞ்ச தேக்குத் துண்டுல ட்ரை பண்ணேன், கை வலிச்சதுதான் மிச்சம், கொக்கி முனை வேற உடைஞ்சிடுச்சு. என்ன தப்பு பண்றேன்?

பதில் 1:
மொதல்ல அந்த கட்டரை ஓரமா வைங்க, பிளேடு மெலிசு, வளைஞ்சு பட்டுனு ஒடியும். 6 செ.மீ. பிளேடு உள்ள கார்பன் ஸ்டீல் கத்தி போதும், மோரா 120-ங்கிற மரம் செதுக்குற கத்தி மாதிரி. தேக்குல சிலிக்கா இருக்கு, கூர் சீக்கிரம் மழுங்கிடும். கொய்யா கிளை கிடைச்சா பாருங்க, நெருக்கமான நார், ஊசிக்கு அருமையா இருக்கும்.

பதில் 2:
கொக்கி உடைஞ்சதுக்கு மரத்தை மட்டும் சொல்லாதீங்க, நார் ஊசியோட நீளத்துக்கே ஓடணும், குறுக்கே போச்சுன்னா எந்த மரமும் உடையும். அதனால ரம்பத்தால அறுக்காம பிளந்து எடுங்க, பிளக்கும்போது அது நார் போற வழியிலயே போகும். கணு வேண்டாம், கிளையோட நட்ட நடுப்பகுதியும் வேண்டாம், அங்கதான் வெடிப்பு ஆரம்பிக்கும். பச்சையா இருக்கும்போதே கொஞ்சம் தடிமனா செதுக்கி, நிழல்ல மெதுவா காயவிட்டு அப்புறம் ஃபினிஷ் பண்ணுங்க. நாடாவுக்கு மூங்கிலே போதும்னு நான் சொல்வேன்.

கேட்டவர்:
அட, குறுக்கு நார்தான் போல! உப்புத்தாள் எத்தனை நம்பர்?

பதில் 2:
120, 240, 400. நடுவுல ஈரத்துணியால துடைச்சா நார் எழும்பும், காய்ஞ்சதும் திரும்பத் தேய்ங்க, இல்லேன்னா நூல் மாட்டும். கத்தியை அடிக்கடி லெதர் பட்டையில தீட்டுங்க, மழுங்கின கத்திதான் விரலைப் பதம் பாக்கும்.