கூடைப்பந்து அணிக்கு அடுத்த தலைமைக் கோச் ஆர்?

கேள்வி:
கல்லூரியின்ர 19 வயசுப் பெடியளுக்கு ரெண்டு பெயர் அடிபடுது. ஒருத்தர் பழைய பொயின்ட் கார்ட் (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்திற ஆள்). மற்றவர் இப்ப 15 வயசுப் பிரிவைப் பழக்கிறவர். ஆரைப் போடலாம்?

பதில் 1:
15 வயசுக் கோச்சைத்தான் போடவேணும். எங்கட பெரிய நோய், புல் கோர்ட் பிரஸ் (எதிரணி முழுக் களத்திலயும் நெருக்கிப் பிடிக்கிறது) வந்தால் 8 செக்கனுக்குள்ள நடுக்கோட்டைத் தாண்டேலாமல் போறது. ரெண்டு கார்டும் பந்தடிக்கு ஓடிவர, நடுவில ஆளில்லை. பிறகு கோட்டோரம் மூலைக்குள்ள டிரிபிள் பண்ணி (பந்தை நிலத்தில தட்டிக்கொண்டு போய்) மாட்டுப்படுறாங்கள்; அங்க கோடே இன்னொரு டிஃபென்டர் மாதிரி. உயரமான ஒருத்தன் நடுவில நிண்டு பந்தை வாங்கி, திரும்பி, மற்றப் பக்கம் குடுக்கவேணும். 5 பேருக்கு எதிரா 7 பேரை விட்டு, டிரிபிள் இல்லாமல், நாளுக்கு 15 நிமிசம் பழக்கினால் சரிவரும். சின்னப் பெடியளுக்கு அவர் இதைத்தான் பழக்கிறார்.

பதில் 2:
அண்ணை, பிரஸ் சரி. கடைசி 2 நிமிசம்? ரெண்டாம் பாதிக்கு டைம் அவுட் 3தான், அந்த 2 நிமிசத்துக்குள்ள 2தான் எடுக்கலாம். குவார்ட்டரில டீம் பவுல் (அணியில எல்லாரும் சேர்ந்து செய்த பவுல்) 4 ஆனபிறகு சும்மா கையைப் போட்டால் எதிராளிக்கு 2 ஃப்ரீ த்ரோ (ஆரும் தடுக்காமல் கூடைக்கு எறியிறது). இதைக் களத்தில கணக்குப் பாக்கிறவர் பழைய கார்ட்தான்.

பதில் 3:
தம்பி, அந்தக் கணக்குக்கு அவரை உதவிக் கோச்சா பெஞ்சில இருத்தலாம். தலைமைக்கு நானும் 15 வயசுக் கோச் பக்கம்தான். முடிவெடுக்க முன்னம் ரெண்டு பேரிட்டையும் 90 நிமிசப் பயிற்சித் திட்டம் எழுதி வாங்குங்கோ. ஃப்ரீ த்ரோவைத் தொடக்கத்தில வைக்காமல், ஓடிக் களைச்ச பிறகு வைச்சிருக்கிறாரோ எண்டு முதல்ல பாருங்கோ.