அம்மப்பாவின் லொட்ஜ் ஏப்ரன்: கிறிஸ்தவர் ஒருவர் ஃபிரீமேசனாக இருக்கலாமா?

கேள்வி: கல்லடி வாசகி

வணக்கம். நாங்கள் கல்லடியைச் சேர்ந்த மெதடிஸ்தக் குடும்பத்தினர். சென்ற மாதம் பழைய வீட்டின் கூரையைத் திருத்துவதற்காக அறைகளை ஒதுக்கியபோது, அம்மப்பாவின் றங்குப் பெட்டியின் அடியில், வெள்ளை ஆட்டுத்தோலில் இளநீலக் கரை வைத்துத் தைத்த சிறிய ஏப்ரன் ஒன்றும், மூலைமட்டமும் கவராயமும் பொறித்த பதக்கம் ஒன்றும் கிடைத்தன. கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்த காலத்தில் அவர் ஃபிரீமேசன்கள் எனப்படும், தமக்கென இரகசியச் சடங்குகள் கொண்ட சகோதரச் சங்கத்தின் ஒரு லொட்ஜில் (கிளையில்) உறுப்பினராக இருந்தார் என்பது அம்மாவுக்கே அதுவரை தெரியாது. ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர், ஆலயக் கணக்குகளைப் பல வருடங்கள் பார்த்தவர் என்றுதான் நாங்கள் அவரை அறிவோம்.

இதைப் பார்த்த நாள் முதல், கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி வேறு கதை சொல்கிறான். அவனுடைய மேலதிகாரி ஒருவர் அவனை லொட்ஜில் சேரும்படி சில மாதங்களாகவே கேட்டுவருகிறாராம். "லயன்ஸ் கழகத்தைப் போன்றதுதான், கடவுளை நம்புகிற எந்த மதத்தவரும் சேரலாம், மதத்தைப் பற்றி வாதிடுவதே அங்கே தடை" என்று சொல்லியிருக்கிறார். அம்மப்பாவே இருந்திருக்கிறார், பிறகு எனக்கு ஏன் கூடாது என்பது தம்பியின் வாதம். மறுபக்கம், எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர் அந்த ஏப்ரனை உடனே எரித்துவிட வேண்டும் என்று அம்மாவைப் பயமுறுத்திவிட்டார். எனக்குத் தேவை பயமுறுத்தல் அல்ல. அவர்களுடைய போதனையில் கிறிஸ்தவ விசுவாசத்தோடு மோதுவது எது என்பதை, தெரிந்தவர்கள் விளக்குவீர்களா?

பதில்: அக்கரைப்பற்று அன்பர்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, சகோதரி? மேல்படிகளில் இருப்பவர்கள் லூசிஃபரை வணங்குகிறார்கள் என்று அவர்களுடைய தலைவர் அல்பர்ட் பைக்கே எழுதியிருக்கிறார். கீழ்ப்படியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. எரித்துவிடுங்கள்.

பதில்: புளியந்தீவு, ஓய்வுபெற்ற ஆசிரியர்

மேலே சொல்லப்பட்ட லூசிஃபர் மேற்கோளை முதலில் ஒதுக்கிவைப்போம், ஏனெனில் அது பைக் எழுதியதல்ல. லியோ டாக்சில் என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பிரெஞ்சுக்காரர் 1880களிலும் 1890களிலும் ஃபிரீமேசன்கள் சாத்தானை வழிபடுவதாகப் பல கதைகளைக் கட்டினார். 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் ஒரு கூட்டத்தைக் கூட்டி, அவை அனைத்தும் தன் கற்பனை என்று தானே அறிவித்தார். அந்தச் சூழலில் பிறந்த மேற்கோள்தான் இன்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த மேற்கோளைத் தம்பியிடம் சொன்னால், அவன் பத்து நிமிடத்தில் இணையத்தில் தேடி அது பொய் என்று காட்டிவிடுவான், அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மையான காரணங்களுக்கும் காது கொடுக்கமாட்டான்.

உண்மையான காரணங்கள் இதைவிட அமைதியானவை. 1717இல் லண்டனில் முதல் கிராண்ட் லொட்ஜ், அதாவது லொட்ஜ்களின் தலைமை அமைப்பு, அமைந்தது. 1723இல் ஜேம்ஸ் அண்டர்சன் தொகுத்த அதன் சட்டநூல், எல்லா மனிதரும் ஒத்துக்கொள்ளும் மதமே உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் என்றும், அதற்கு மேற்பட்ட நம்பிக்கைகளை அவரவர் தமக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அவர்கள் கடவுளை மறுப்பதில்லை. கடவுளை நம்பாதவர் ஆங்கில மரபிலுள்ள லொட்ஜ்களில் சேரவே முடியாது. ஆனால் அந்தக் கடவுளுக்கு அங்கே வழங்கும் பெயர் "பேரண்டத்தின் மகா சிற்பி" என்பதாகும். லொட்ஜில் ஜெபம் உண்டு, ஜெபத்தை நடத்தச் சாப்ளின் என்ற பொறுப்பாளரும் உண்டு. அந்த ஜெபங்களில் இயேசுவின் பெயர் இராது, ஏனெனில் அருகில் நிற்கும் யூதரோ இஸ்லாமியரோ இந்துவோ அதில் கலந்துகொள்ள முடியாமல் போய்விடும். அவர்களுடைய நோக்கிலிருந்து பார்த்தால் இது பண்பாடாகவே தோன்றும். பவுல் அத்தேனே பட்டணத்தில் "அறியப்படாத தேவனுக்கு" என்று எழுதியிருந்த பலிபீடத்தைக் கண்டபோது செய்ததோ இதற்கு நேர்மாறானது. அந்தப் பெயரின்மையைப் பொதுவான மேடையாக வைத்துக்கொள்ளாமல், நீங்கள் அறியாமல் வணங்குகிறவரையே நான் அறிவிக்கிறேன் என்று தொடங்கி, உயிர்த்தெழுந்தவரில் போய் முடித்தார் (அப்போஸ்தலர் 17).

அடுத்தது சேர்க்கைச் சடங்கு. புதியவரின் கண்களைக் கட்டி, அவர் இருளில் இருப்பவர் என்று அறிமுகப்படுத்தி, உன் இருதயம் எதை விரும்புகிறது என்று கேட்பார்கள், அவர் "ஒளி" என்று பதில் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தலும் பெற்ற ஒருவர், தாம் இதுவரை இருளில் இருந்ததாகவும் இந்த மண்டபத்தில்தான் ஒளியைக் காண்பதாகவும் நடிப்பதற்கு எப்படிச் சம்மதிக்கிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அது வெறும் அறிவின் ஒளியைக் குறிக்கும் உருவகம் என்பார்கள். அப்படியானால் அந்தச் சடங்கு ஏன் வேதாகமத்தின் முன் முழந்தாளிட்டு நடக்கிறது? அந்த வேதாகமமும் தனியே இருப்பதில்லை. மூலைமட்டமும் கவராயமும் அதன்மேல் வைக்கப்பட்டு, மூன்றும் சேர்ந்தே "மூன்று பெரிய விளக்குகள்" எனப்படும். உறுப்பினர் வேறு மதத்தவராயின் அவருடைய வேதநூல் அந்த இடத்துக்கு வரலாம்.

உறுப்பினர் ஏறும் மூன்றாம் படிநிலையின் சடங்குக்கு மையமான ஈராமின் கதையைத் தம்பி கட்டாயம் வேதாகமத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். சாலொமோனின் ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி ஈராமிடம் மூன்று வேலையாட்கள் இரகசியச் சொல்லைக் கேட்டு, அவர் மறுக்கவே, வேலை முடியுமுன் அவரைக் கொன்று புதைத்தார்கள் என்பது லொட்ஜின் கதை. சேருகிறவர் அந்த ஈராமாகவே கிடத்தப்பட்டு, பின்பு கைபிடித்து எழுப்பப்படுகிறார். 1 இராஜாக்கள் 7ஆம் அதிகாரத்தில் வரும் ஈராமோ நப்தலி கோத்திரத்துக் கைம்பெண்ணின் மகன், வெண்கல வேலையில் கைதேர்ந்தவன், யாகீன், போவாஸ் என்ற இரண்டு தூண்களையும் வார்த்தவன். அவன் தன் வேலைகளையெல்லாம் செய்துமுடித்தான் என்று அதே அதிகாரத்தின் 40ஆம் வசனம் சொல்கிறது. கொலையும் இல்லை, கல்லறையும் இல்லை. மரணத்துக்குள் போய் எழுப்பப்படுவதை நாம் ஒருவரோடுதான் இணைத்துப் பேசுகிறோம், ரோமர் 6 அதையே நம் ஞானஸ்நானத்தின் பொருளாகச் சொல்கிறது. அந்த இடத்தில் வேறொரு மனிதரை நிறுத்துவது வெறும் நாடகமா என்பதை அவன் யோசிக்கட்டும்.

இறுதியாக அந்த ஏப்ரன். அமெரிக்க லொட்ஜ்களில் அதைக் கட்டிவிடும்போது, மேலுள்ள வானுலக லொட்ஜில் நுழைவதற்கு அவசியமான தூய வாழ்வையும் நடத்தையையும் இந்த ஆட்டுத்தோல் நினைவூட்டுகிறது என்ற பொருளில் ஓர் உரை சொல்லப்படும். ஆட்டுக்குட்டியானவரின் இரத்தத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, நம் நடத்தையே நுழைவுச்சீட்டாகிறது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று சிறுவயதில் மனனம் செய்த ஒருவருக்கு இங்கே இடற வேண்டும்.

பதில்: கல்முனை வாசகர்

நான் மேசன் அல்லன். என் மாமா ஒருவர் இருந்தார், நல்ல அங்கிலிக்கன் கிறிஸ்தவர், இறக்கும்வரை வேதத்தை வாசித்தவர். அண்டர்சனே பிரெஸ்பிடேரியன் போதகர்தான். 1945 முதல் 1961 வரை கன்டர்பரி பேராயராக இருந்த ஜெஃப்ரி ஃபிஷர் ஒரு ஃபிரீமேசன். பிரான்சின் கிராண்ட் ஓரியன் என்ற மேசன் தலைமை அமைப்பு 1877இல் கடவுள் நம்பிக்கை கட்டாயமல்ல என்று தீர்மானித்தபோது, இங்கிலாந்தின் கிராண்ட் லொட்ஜ் அவர்களோடு உறவை முறித்துக்கொண்டது. தாங்கள் ஒரு மதமோ மதத்துக்கு மாற்றோ அல்ல, தங்களிடம் இறையியலே இல்லை என்றும் அவர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். நம் ஊர்ப் பாடசாலைகளில் இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமியப் பிள்ளைகள் ஒன்றாக நிற்கும் விழாக்களில் பொதுவான பிரார்த்தனை சொல்வதில்லையா? அதுவும் பாவமா, ஐயா?

பதில்: புளியந்தீவு, ஓய்வுபெற்ற ஆசிரியர்

நியாயமான கேள்வி. உங்கள் மாமாவின் விசுவாசத்தை எடைபோட நான் யார்? கேள்வி போதனையைப் பற்றியது, அதோடு நிற்போம்.

பாடசாலை விழாவில் யாரும் கண்ணைக் கட்டுவதில்லை, சாவுக்குப் பின் என்ன என்று கற்பிப்பதில்லை, இன்னதென்று தெரியுமுன் சத்தியம் வாங்குவதுமில்லை. லொட்ஜில் சத்தியம் முதலில், உள்ளடக்கம் பிறகு. தொண்டையை அறுப்பது போன்ற பழைய தண்டனைச் சொற்களை இங்கிலாந்தின் கிராண்ட் லொட்ஜ் 1986இல் சத்தியத்திலிருந்து நீக்கியது. அவை வெறும் அலங்காரச் சொற்கள் என்றால், கடவுளின் பெயரால் அவற்றை இத்தனை தலைமுறையினர் ஏன் சொல்ல நேர்ந்தது? "பரிச்சேதம் சத்தியம் பண்ணவேண்டாம்" என்ற மலைப்பிரசங்கம் அப்போதும் அதே மேசையில்தான் திறந்திருந்தது.

மத நல்லுறவை நம் மண்ணுக்கு லண்டனிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம் நடக்கும்போது, தீர்த்தமாடாத கிறிஸ்தவ அயலவரும் தெருவில் நின்று ஊர்க்காரரோடு கதைத்துத்தான் வருகிறார்கள். மாமாங்கேஸ்வரரின் பெயரைச் சொல்லாமல் விடுங்கள், அப்போதுதான் நாங்கள் வருவோம் என்று எவரும் கேட்டதில்லை. அவரவர் தம் கடவுளைப் பெயர் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டே அயலவராக இருக்கிறோம். லொட்ஜ் கேட்பது வேறு: வாசலில் பெயரைக் கழற்றிவைத்துவிட்டு, உள்ளே சேர்ந்து ஜெபிக்க வேண்டும்.

பதில்: தாண்டவன்வெளி கத்தோலிக்கர்

எங்கள் பக்கத்தில் இதற்கு விவாதம் இல்லை. 1738இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளெமென்ட் தடைசெய்தார். 1983இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தில் ஃபிரீமேசன் என்ற சொல் இல்லாததால் தடை நீங்கிவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத் தலைவர் கர்தினால் ராட்சிங்கர் கையொப்பமிட்ட அறிவிப்பு, சேருகிறவர் கனமான பாவ நிலையில் இருக்கிறார், நற்கருணை பெற முடியாது என்று உறுதிப்படுத்தியது. 2023இல் பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவர் கேட்டபோதும் வத்திக்கானிலிருந்து அதே பதில்தான் வந்தது.

மெதடிஸ்தர்களைப் பொறுத்தவரை, பிரித்தானிய மாநாடு 1985இல் உறுப்பினர்கள் ஃபிரீமேசன்களாக வேண்டாம் என்று ஆலோசனை சொன்னதாகப் படித்திருக்கிறேன். இலங்கைத் திருச்சபை 1964இலேயே தன்னாட்சி பெற்றுவிட்டதால் அது உங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் உங்கள் போதகர் ஐயாவிடம் கேட்டுப்பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: கல்லடி வாசகி

எல்லோருக்கும் நன்றி. ஈராமின் பகுதியை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். அவன் வேதாகமத்தை எடுத்து 40ஆம் வசனத்தைப் பார்த்துவிட்டு, நேற்று மேலதிகாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறான்: லொட்ஜில் ஜெபம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தால், இயேசுவின் நாமத்தில் என்று முடிக்கலாமா? அவர் சற்று யோசித்து, "மனதுக்குள் சொல்லிக்கொள்ளலாம்" என்றாராம். தம்பி இன்னும் சேருவதாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஏப்ரனை அம்மா எரிக்கவில்லை. அது தன் அப்பாவின் பொருள் என்று சொல்லி, தூசி தட்டி, பூச்சி உருண்டை போட்டு, மறுபடி றங்குப் பெட்டியிலேயே வைத்துவிட்டார்.