300 எம்பிபிஎஸ் லைன் இருந்தும் சேலைப் பக்கம் ஊர்ந்து ஊர்ந்து திறக்கிறது. 1 ஜிபிபிஎஸ்-க்கு மாறலாமா?

செந்தூல் தையல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். கூடவே சூரத்தில் உள்ள ஒரு மொத்த வியாபாரியிடம் சேலை எடுத்து விற்கிறேன். வாரா வாரம் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் புதுச் சரக்கை வலைப்பக்கத்தில் ஏற்றுவார்கள். யார் முதலில் பார்க்கிறாரோ அவருக்குத்தான் நல்ல நிறம். என் கஷ்டமே அந்த நேரத்தில்தான். பக்கத்தைத் தட்டினால் கொஞ்ச நேரம் வெறும் வெள்ளைத் திரை. அப்புறம் ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக இறங்கும். முந்தானை வந்து சேர்வதற்குள் மயில்கழுத்து நிறமெல்லாம் பினாங்கில் யாரோ எடுத்துவிடுகிறார்கள்.

வீட்டில் ஃபைபர் லைன்தான். இறக்க 300, ஏற்ற 50 எம்பிபிஎஸ். யூடியூப் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் மகன் கீழே தன் கணினியில் விளையாட்டு இறக்கும்போது 35 என்றுதான் காட்டுகிறது. 300-க்குக் காசு வாங்கிக்கொண்டு 35 கொடுப்பது நியாயமா? லைன்காரரைக் கேட்டால், "1 ஜிபிபிஎஸ், அதாவது 1000 எம்பிபிஎஸ் எடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்.

ரௌட்டர் கீழே முன்கூடத்தில், டிவிக்குப் பின்னால் இருக்கிறது. என் தையல் மெஷினும் மடிக்கணினியும் மாடியில் பின்னறையில். இரட்டை மாடி வரிசை வீடு. கூடுதல் காசு கொடுத்து மாறலாமா, வேண்டாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெப்போங் மச்சான்:

அக்கா, முதலில் ரௌட்டரை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் டிஎன்எஸ்-ஐ 1.1.1.1 (கிளவுட்ஃபிளேரின் இலவச டிஎன்எஸ்) என்று மாற்றிப் பாருங்கள். எனக்கு அதிலேயே வேலை முடிந்தது.

குளுகோர் வயர்மேன்:

மச்சான் சொன்னதைச் செய்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் டிஎன்எஸ்-க்கு உள்ள வேலை பக்கத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது. முகவரி கிடைத்த பிறகு படம் நத்தை மாதிரி இறங்கினால் அதற்கு டிஎன்எஸ் பொறுப்பல்ல.

தங்கச்சி, இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். டெலிபோன் கம்பியில் இணையம் வந்த ஸ்ட்ரீமிக்ஸ் காலத்திலிருந்து வீடுகளுக்கு வயர் இழுத்துக் கொண்டிருக்கிறேன். அப்போது 512 கேபிபிஎஸ் இருந்தாலே பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். 2010-இல் யூனிஃபை ஃபைபர் வந்தபோது 5 எம்பிபிஎஸ் பேக்கேஜ் மாதம் 149 வெள்ளி (ரிங்கிட்). அந்த 5-இலும் பக்கங்கள் திறந்தன. உங்கள் வீட்டுக்கு 300 வருகிறது. அது போதாமல் ஒரு சேலைப் படம் நிற்கிறது என்றால் குறை வேறு எங்கோ இருக்கிறது.

மகனின் 35-ஐ முதலில் முடித்துவிடுவோம். லைன் விற்கிறவர் மெகாபிட்டில் கணக்குச் சொல்கிறார், இறக்குகிற மென்பொருள் மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 300-ஐ எட்டால் வகுத்தால் 37.5. மகனுக்கு 35 வருகிறது என்றால் காசு கொடுத்த லைன் ஏறக்குறைய முழுசாகவே வீட்டுக்குள் வருகிறது. நான் வேலை செய்த வீடுகளில் பாதிச் சண்டை இந்த எட்டால் வந்ததுதான்.

இனி சேலைக்கு வருவோம். யூடியூப் நன்றாக ஓடுவதை வைத்து லைனை எடை போடக் கூடாது. கூகுள், நெட்பிளிக்ஸ் மாதிரி பெரிய ஆட்கள் தங்கள் படங்களின் நகலை நாட்டு நாட்டுக்கு, லைன்காரர்களின் கட்டடத்துக்குள்ளேயே கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்ப்பது பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற மாதிரிதான். ஸ்பீட் டெஸ்டும் அப்படியே. அது தானாகவே உங்களுக்கு மிக அருகில் உள்ள சர்வரைப் பிடித்து அளக்கும். சூரத்து வியாபாரிக்கு இந்த வசதியெல்லாம் இருக்காது. மலிவாகக் கிடைத்த ஏதாவது ஒரு சர்வரில் பக்கத்தை வைத்திருப்பார். அது சூரத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

தூரம் என்பது வேறு கணக்கு. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு எட்டு வழிச் சாலை போட்டாலும் ஈப்போ பக்கத்தில் வந்துவிடாது. ஒரே நேரத்தில் நிறைய வண்டி போகும், அவ்வளவுதான். 300-ஐ 1000 ஆக்குவதும் அதே கதை. ஒரு பக்கம் திறக்க உங்கள் கணினி முதலில் முகவரி கேட்க வேண்டும். பிறகு சர்வரோடு கைகுலுக்க வேண்டும், பூட்டு போட்ட இணைப்புக்குச் சாவி மாற்றிக்கொள்ள வேண்டும், அதன் பின்தான் "பக்கத்தைக் கொடு" என்று கேட்க முடியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்குவரத்து. கேட்ட பிறகும் சர்வர் முழுசாகக் கொட்டிவிடாது. முதலில் சுமார் 14 கிலோபைட் அனுப்பிப் பார்த்து, சேர்ந்தது என்று பதில் வந்த பிறகே அளவைக் கூட்டும். சர்வர் அமெரிக்க மேற்குக் கரையில் இருந்தால் தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். ஆக, போய் வர 140 மில்லிவிநாடி. கேபிள் வளைந்து வளைந்து போவதால் உண்மையில் அதைவிடக் கூடும். இதை எந்தப் பேக்கேஜும் குறைக்காது.

ஆகவே சில சோதனைகள். மடிக்கணினியைக் கீழே கொண்டு வந்து ரௌட்டர் பக்கத்தில் வைத்து ஸ்பீட் டெஸ்ட், பிறகு மாடியில் உட்காரும் இடத்தில் அதே டெஸ்ட். அடுத்து, கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு சிம் கார்டு டேட்டாவில் சேலைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மகனிடம் சொல்லி அந்தப் பக்கத்துக்கு ஒரு பிங் அடிக்கச் சொல்லுங்கள், ஒரு சின்னச் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று அது காட்டும். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை. எண்களை இங்கே போடுங்கள்.

வங்சா மாஜு 14ஆம் மாடி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் 300 பேக்கேஜ்தான். வைஃபை கதையே கிடையாது, நேராக வயரில் போட்டிருக்கிறேன். எந்த நேரத்தில் அளந்தாலும் 94. அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறாது. பழைய கட்டடம் என்பதால் டெலிபோன் செம்புக் கம்பியில் வருகிறதோ என்று சந்தேகம்.

குளுகோர் வயர்மேன்:

94 என்று ஆணியடித்த மாதிரி நின்றால் செம்புக் கம்பியைச் சந்தேகிக்க வேண்டாம். பழைய அடுக்குமாடிகளில் கீழ் அறை வரை ஃபைபர் வந்து, அங்கிருந்து டெலிபோன் கம்பியில் ஏறுவது உண்டுதான். ஆனால் அதில் எண் இப்படி அச்சாக நிற்காது. உங்களுடையது 100 எம்பிபிஎஸ் போர்ட்டின் (வயர் செருகும் துளையின்) அடையாளம். ஒன்று, ரௌட்டரோ கணினியோ பழசு, போர்ட்டே 100 வரைதான். அல்லது வயருக்குள் ஓர் இழை அறுந்திருக்கிறது. நெட்வொர்க் வயருக்குள் நான்கு ஜோடி இழைகள் இருக்கும். 1 ஜிபிபிஎஸ் ஓட நான்கும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். 100-க்குத் தேவைப்படாத ஜோடி ஒன்று கெட்டால் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், இணையம் மட்டும் நிற்காது. அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. இடி விழுந்த பிறகும் இப்படி ஆகும், போர்ட் பாதி செத்துப் பாதி உயிரோடு இருக்கும். முதலில் வயரை மாற்றிப் பாருங்கள், பத்துப் பதினைந்து வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

செந்தூல் தையல்:

அண்ணே, எல்லாம் செய்தாகிவிட்டது. கீழே ரௌட்டர் பக்கத்தில் 288. மாடியில் 41. மகன் பிங் அடித்தான். 1.1.1.1-க்கு 6 மில்லிவிநாடி, சேலைப் பக்கத்துக்கு 230. சிம் டேட்டாவிலும் அதே வெள்ளைத் திரை, அதே ஊர்வலம். சனிக்கிழமை காலையில் திறந்தால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் வேகம் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் கவனித்தேன். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு 1.1.1.1-க்கான பிங்கே சில நேரம் 200, 300 என்று எகிறுகிறது. காலையில் அப்படி இல்லை.

குளுகோர் வயர்மேன்:

நல்லது, இப்போது பேசலாம். உங்களிடம் இருப்பது ஒரு நோய் இல்லை, மூன்று. மூன்றையும் தீர்க்க 1 ஜிபிபிஎஸ் தேவையில்லை.

230 மில்லிவிநாடி என்றால் அந்த சர்வர் இந்தியாவில் இருக்க வாய்ப்பு குறைவு. கடை சூரத்தில், சரக்கு கண்டத்தைத் தாண்டி எங்கேயோ. எங்கள் பினாங்கிலிருந்து சென்னைக்குக் கடலடியில் பே ஆஃப் பெங்கால் கேட்வே என்று கேபிளே கிடக்கிறது. இருந்தும் உங்கள் சேலை இவ்வளவு சுற்றி வருகிறது பாருங்கள். சிம் டேட்டாவிலும் அதே நிலைமை என்பதால் வீட்டு லைன் மேல் பழி போட முடியாது. அந்தப் பக்கத்தில் ஒரு படத்தைச் சேமித்து அதன் அளவைப் பாருங்கள். கேமராவில் எடுத்ததை அப்படியே போட்டிருந்தால் ஒரு படம் 4 மெகாபைட் இருக்கும். நாற்பது சேலைக்கு 160 மெகாபைட். உங்கள் 300 லைன் அதை ஐந்து விநாடிக்குள் விழுங்கிவிடும், ஆனால் சர்வர் உங்களுக்கு 20 எம்பிபிஎஸ்தான் ஊற்றுகிறது என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். நம் எட்டு மணி இந்தியாவில் மாலை 5.30. அங்கே உள்ள வியாபாரிகளும் அதே நேரத்தில் அந்த ஒரே சர்வரைத்தான் மொய்ப்பார்கள்.

இதற்கு வைத்தியம் வியாபாரியின் கையில். படங்களைச் சுருக்கி ஏற்றச் சொல்லுங்கள். 4 மெகாபைட் படத்தை 300 கிலோபைட்டுக்குக் கொண்டு வந்தாலும் கைப்பேசித் திரையில் சரிகை சரிகையாகத்தான் தெரியும். பெரிய படம் வேண்டுமென்றால் தட்டினால் திறக்கட்டும். கிளவுட்ஃபிளேர் மாதிரி நகல் வைக்கும் சேவை ஒன்றை முன்னால் வைத்தால் படங்கள் உங்களுக்குப் பக்கத்து ஊரிலிருந்து வரும், அதில் இலவசத் திட்டமும் உண்டு. நீங்கள் தனியாகச் சொன்னால் கேட்க மாட்டார். இங்கே அவரிடம் எடுக்கிற நாலு பேர் சேர்ந்து சொல்லுங்கள்.

அடுத்தது அந்த எட்டு மணி எகிறல். அது பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள். 1.1.1.1 பக்கத்திலேயே இருக்கிறது, அதற்கும் 300 ஆகிறது என்றால் யாரோ ஏற்றும் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இறக்க 300 இருந்தாலும் ஏற்ற 50தானே? நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கும் சின்னச் செய்தியும் அந்த 50-க்குள்தான் நுழைந்து போக வேண்டும். மகனோ கணவரோ வீட்டுக்கு வந்ததும் கைப்பேசி அன்றைய படம், வீடியோ எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பிக்கும். சிசிடிவி இருந்தால் அதுவும். அந்தத் தானியங்கி ஏற்றத்தை நடுச்சாமத்துக்கு மாற்றிவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை பிங்கைப் பாருங்கள்.

செந்தூல் தையல்:

வாசலில் ஒரு கேமரா, பின்னால் ஒன்று. மகன் கால்பந்து விளையாடிய வீடியோ எல்லாம் ஏழரைக்குத்தான் ஏறும். அவனிடம் பேசுகிறேன். மாடியில் 41 வருகிறதே, அதற்கு என்ன செய்வது அண்ணே? ரௌட்டரில் இரண்டு பெயர் தெரிகிறது. ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கிறது. அதைப் போட்டால் சிம் கார்டு காசு போகுமோ என்று நான் தொடவே இல்லை.

கெப்போங் மச்சான்:

ஹாஹா, எங்கள் அம்மாவும் இதையேதான் கேட்டார்கள். அது கைப்பேசி 5ஜி இல்லை அக்கா, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. தாராளமாகப் போடுங்கள். ஒரு மெஷ் (வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் கூடுதல் பெட்டி) வாங்கி மாடியில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

குளுகோர் வயர்மேன்:

இந்த முறை மச்சானோடு பாதி ஒத்துப்போகிறேன். ரௌட்டரில் தெரியும் மற்றப் பெயர் 2.4 கிகாஹெர்ட்ஸ். அது சுவரைத் தாண்டும், ஆனால் ஒன்றுக்கொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. செந்தூல் வரிசை வீட்டில் இடது வலது, எதிர்வீடு, பின்வீடு எல்லோரும் அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் கான்கிரீட் தளத்தைக் கண்டால் சோர்ந்துவிடும். மாடிப் பின்னறைக்கு வந்து சேருமா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள், செலவில்லை. ரௌட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து அலமாரி மேல் வைப்பதற்கும் செலவில்லை.

மெஷ் வாங்குவதானால் மாடிப் பெட்டிக்குக் கீழிருந்து வயர் கொடுங்கள். வைஃபையில் வாங்கி வைஃபையிலேயே கொடுக்கும் பெட்டி, பல நேரம் வாங்குவதற்கே பாதி வேகத்தைச் செலவழித்துவிடும். அதற்குக் கேட்6 என்ற நெட்வொர்க் வயர் ஒன்று, மாடிப்படிக் கைப்பிடி ஓரமாகவே வெள்ளைக் கேசிங்கில் ஏற்றலாம், சுவர் உடைக்க வேண்டாம். இழுக்க வருகிறவர் வேலையை முடித்துவிட்டுக் கிளம்புவதற்கு முன், உங்கள் மடிக்கணினியை அந்த வயரில் செருகி ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். மடிக்கணினி, ரௌட்டர் போர்ட்டுகள் பழசாக இல்லாமலும் 94 என்று நின்றால் காசு கொடுக்க வேண்டாம், முனையை மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.