தாமதத் தகவல் என்று நிராகரிக்கப்பட்ட லாரி கிளெய்ம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல்லிலிருந்து வடமாநிலங்களுக்கு ஓடும் எங்கள் லாரி ஒன்று நாக்பூர் அருகே விபத்துக்குள்ளாகி, கேபின் நசுங்கி, ஓட்டுநர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதால், செய்தி எங்களுக்கே தாமதமாகத்தான் வந்தது. அன்றே எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தும், உடனடியாகத் தெரிவிக்கவில்லை என்று கூறிக் காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை நிராகரித்துவிட்டது. இது நியாயமே அல்ல.

தாமதத்தை மட்டும் காரணம் காட்டி உண்மையான கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் சுற்றறிக்கை வெளியிட்டது. போலீசில் உடனே புகார் பதிவான வாகனத் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2020இல் அவ்வாறே தீர்ப்பளித்தது. விபத்துச் சேதத்துக்கு இவற்றைக் காட்டி வென்றவர்கள் இருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு எந்த ஆவணங்களுடன் சென்றீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஸ்பாட் சர்வேக்கு (விபத்து நடந்த இடத்திலேயே காப்பீட்டு நிறுவனம் செய்யும் ஆய்வுக்கு) முன் வண்டியை நகர்த்தாமல் ஓட்டுநரோ கிளீனரோ தாமே நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல, கேபினில் என்னென்ன குறிப்புகளை ஒட்டி வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பகிருங்கள்.