கலைச்சொல் வேண்டும்: வெட்டுண்ட தன் தலையைக் கையில் ஏந்தி வரும் புனிதர்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஐரோப்பிய இடைக்காலக் கலை பற்றி இளங்கலை மாணவர்களுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு சொல் மட்டும் கிடைக்கவில்லை.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சின்ன வீடு வடிவில் ஒரு பேழை இருக்கிறது. பிரான்சின் லிமோஜ் நகரில் 1170 வாக்கில் செய்தது. செப்புத் தகட்டில் குழி வெட்டி, கண்ணாடிப் பொடியை நிரப்பி, சூளையில் உருக்கி எடுத்த எனாமல் வேலை. அதில் புனித வலேரியின் கதை வருகிறது. லிமோஜின் பெரிய குடும்பத்துப் பெண். ஆயர் மார்சியாலிடம் ஞானஸ்நானம் பெற்று, கன்னியாகவே இருப்பதாக நேர்ந்துகொள்கிறாள். மணம் பேசியிருந்த ஸ்டீபன் பிரபுவை மறுக்கிறாள். அவன் தலையை வெட்டச் சொல்கிறான். வெட்டுண்ட தலையை அவளே இரு கையாலும் எடுத்துக்கொண்டு, பலிபீடத்தில் பூசை செய்துகொண்டிருக்கும் மார்சியாலிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். வெட்டியவன் செத்து விழுகிறான். மார்சியால் அவனை எழுப்புகிறார், ஸ்டீபனும் மனம் மாறுகிறான்.

இப்படித் தன் தலையைத் தானே எடுத்துச் செல்லும் புனிதர்கள் நிறையப் பேர். பாரிசின் புனித டெனிஸ் எல்லாருக்கும் தெரிந்தவர். கலை வரலாற்றில் இவர்களைச் 'செஃபலோஃபோர்' என்பார்கள். மார்சல் எபேர் என்பவர் 1914-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. கிரேக்கத்தில் கெஃபலே என்றால் தலை, ஃபோரோஸ் என்றால் சுமப்பவர். இதற்குத் தமிழில் ஒரே சொல் வேண்டும். பாடக்குறிப்பில் பல இடங்களில் வருவதால், ஒவ்வொரு தடவையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அன்புடன்,
ம.

*

ம. அக்கா,

தலையேந்தி. தலைதாங்கி என்றும் சொல்லலாம். முதலாவதுதான் என் விருப்பம். கேட்டவுடனே புரிகிறது, பன்மையில் தலையேந்தியர் என்று இழுக்காமல் வருகிறது.

செ.

*

அன்பர்களே,

தலைதாங்கியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சுமைதாங்கி என்பது கல், இடிதாங்கி என்பது கம்பி. தாங்கி என்று முடிந்தால் அசையாமல் நின்று பொறுக்கும் பொருள் என்றே நம் காதில் விழும். தலைதாங்கி என்றால் மாணவன் தலையணையை நினைப்பான். வலேரி நடக்கிறாள். அந்த நடைதான் கதையே.

தலையேந்தி அழகான சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே உரியவர் இருக்கிறார். தேவாரத்தில் 'வெண்தலை ஏந்தி' எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிரமனின் ஐந்தாம் தலையைக் கிள்ளி, அந்த ஓட்டில் பிச்சை எடுத்துத் திரியும் சிவன், பிட்சாடனர் அவர். கபாலி என்ற பெயரும் அதே பொருள்தான். அங்கே ஏந்தியது அடுத்தவர் தலை. இங்கே தன் தலை. இந்த வேறுபாடு சொல்லில் இல்லையென்றால் கலைச்சொல் எதற்கு?

இலக்கணத்திலும் ஓர் இடறல் உண்டு. 'தலையேந்தி நடந்தாள்' என்று எழுதினால் ஏந்தி என்பது வினையெச்சமா, பெயரா? வாக்கியத்துக்கு வாக்கியம் குழப்பும்.

ஆகவே 'தன்' சேர வேண்டும். தன், என் என்பவற்றின் ஈற்று னகரம் வல்லினத்தோடு உறழும் என்பது நன்னூல். தன் + தலை என்பது தன்றலை என்றும் வரும், தற்றலை என்றும் வரும். நான் முன்மொழிவது தன்றலையேந்தி.

கு.

*

ஐயா, வணக்கம்.

'தன்' சேர வேண்டும் என்ற காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் தன்றலை என்று அச்சில் பார்த்தால் பதினெட்டு வயதுப் பிள்ளை அதைப் பிரித்துப் படிப்பானா? தற்றலை என்றால் கேட்கவே வேண்டாம். புணர்ச்சி சரியாக இருந்தும் பொருள் போய்ச் சேராவிட்டால், அந்தப் பிள்ளை பிரெஞ்சுச் சொல்லையே எழுதிவிட்டுப் போவான். தன்தலையேந்தி என்று பிரித்தே எழுதிவிடலாமே?

செ.

*

தம்பி, 'தற்கொலை'யைப் பிள்ளைகள் பிரித்தா படிக்கிறார்கள்? தற்காப்பு, தற்பெருமை எல்லாம் பழகிய சொற்கள்தானே. புழக்கத்தில் விட்டால் எந்தச் சொல்லும் பழகும்.

கு.

*

நண்பர்களுக்கு,

கல்வெட்டுப் பக்கத்திலிருந்து ஓர் எச்சரிக்கை. யாராவது 'தலைகொண்டார்' என்று சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்பது சோழர் கல்வெட்டில் வரும் பட்டம். பகைவன் தலையை எடுத்தவன் என்று பொருள். அந்த வழி அடைபட்டுவிட்டது.

ஆனால் நம்மிடம் இந்தக் கருத்துக்கு நேரான மரபே இருக்கிறது. ஒரு கையால் குடுமியைப் பிடித்து, மறு கையால் வாளைக் கழுத்தில் வைத்து நிற்கும் தலைப்பலிச் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அரிகண்டம், நவகண்டம் என்கிறோம். கலிங்கத்துப்பரணியில் கோயில் பாடும் பகுதியில் வீரர்கள் தம் தலையை அடிக்கழுத்தோடு அரிகிறார்கள், அரிந்த சிரத்தை அணங்கின் கையில் கொடுக்கிறார்கள். கொடுத்த சிரம் கொற்றவையைப் பரவுகிறது, 'குறையுடலம் கும்பிட்டு நிற்கு'கிறது. புனித டெனிசின் தலையும் வழியெல்லாம் மறையுரை சொல்லிக்கொண்டே போனதாகத்தான் கதை. செயங்கொண்டார் பாடியது 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். லிமோஜ் பேழை அதே நூற்றாண்டு. ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்களில் வெட்டுண்ட தலை வாய் திறக்கிறது. எனக்கு இது பெரிய வியப்பு.

தலையில்லாமல் எழுந்து ஆடும் உடலுக்குக் கவந்தம் என்ற சொல்லும் இருக்கிறது. அரிகண்டர் என்று வைத்தால் என்ன? புதுச்சொல்லே வேண்டாம்.

வ.

*

வ. ஐயா,

அந்தப் பரணிப் பாட்டை வகுப்பில் கட்டாயம் காட்டுவேன். மிக்க நன்றி. ஆனால் அரிகண்டர் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அரிகண்டத்தில் வீரன் தானே அரிகிறான். வலேரியை இன்னொருவன் வெட்டுகிறான். மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிரைக் கொடுப்பவர், சாவைத் தேடிப் போவதில்லை, விசுவாசத்தை விட மறுத்ததால் சாவு அவளைத் தேடி வருகிறது. வெட்டுவது கொலைகாரன், அதற்குப் பிறகு எடுத்துச் செல்வது அவள். இந்த இரண்டு செயலுக்கும் இடையில்தான் அந்தப் புராணத்தின் உயிர் இருக்கிறது. மணத்துக்குத் தர மறுத்த உடலை மரணத்துக்குப் பிறகும் தன் விருப்பப்படியே நடத்திச் செல்கிறாள்.

இந்தப் படிமம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். ஒன்று, புனித யோவான் கிறிசோஸ்தோமின் மறையுரை. போரில் பட்ட காயத்தைக் காட்டிப் படைவீரர்கள் அரசனிடம் துணிந்து பேசுவது போல, மறைசாட்சிகள் வெட்டுண்ட தலையைக் கையில் ஏந்தி விண்ணக அரசர் முன் நின்று கேட்டதைப் பெறுகிறார்கள் என்கிறார். இன்னொன்று, ஓவியர்கள் யார் எப்படிச் செத்தார் என்று காட்டத் தலையைக் கையில் கொடுத்தார்கள், பார்த்த மக்கள் அதையே நடந்த கதையாக எடுத்துக்கொண்டார்கள் என்பது. எனக்கு முதலாவதுதான் பிடிக்கிறது. அங்கே தலை ஒரு சான்று, சாட்சி என்ற சொல்லுக்கும் பொருந்துகிறது.

வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய வரலாற்றாசிரியர் தூர் நகர் கிரகோரி எழுதியபடி மார்சியால் 3-ஆம் நூற்றாண்டு ஆயர். பிற்காலத்தில் லிமோஜ்காரர்கள் அவரை இயேசுவின் சீடராகவே ஆக்கினார்கள். 11-ஆம் நூற்றாண்டில் ஆதெமார் என்ற துறவி அதற்காகப் பெரிதும் பாடுபட்டார். வலேரியும் அந்தப் புராணத்தோடு சேர்ந்தே முதல் நூற்றாண்டுக்குப் போய்விட்டாள். 1172-இல், பின்னாளில் இங்கிலாந்து அரசரான ரிச்சர்டு, அக்விட்டேன் நாட்டின் பிரபுவாகப் பதவி ஏற்றபோது வலேரியின் மோதிரத்தை விரலில் அணிவித்தார்கள். பேழை செய்த காலமும் அதுதான். ஒரு பெண்ணின் கதை ஒரு நாட்டுக்கே முத்திரையாக நின்றிருக்கிறது.

ம.

*

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன்.

வீரமாமுனிவரை ஒருவரும் நினைக்கவில்லையே. அவர் பாடிய கித்தேரியம்மாள் அம்மானை ஒரு கன்னி வேதசாட்சியைப் பற்றியதுதான். ஒரே பேற்றில் பிறந்த ஒன்பது சகோதரிகளில் ஒருத்தி. தாய் ஆற்றில் எறியச் சொல்ல, மருத்துவிச்சி இரக்கப்பட்டுக் காப்பாற்றினாள் என்று கதை. பிரான்சின் ஏர் நகரத்தில் கித்தேரியம்மாளும் வெட்டுண்ட தலையோடு குன்றேறினார் என்று சொல்லுவார்கள். அங்கே அவருடைய கல்லறைப் பெட்டியும் இருக்கு. விசர்நாய்க் கடிக்கு அவரை வேண்டுவது வழக்கம்.

கிறிஸ்தவத் தமிழில் சுமத்தல் என்ற சொல்லுக்குத் தனி இடம் உண்டு. சிலுவை சுமந்தார் என்றுதானே நாங்கள் சொல்லுறது. தலைசுமந்தார் என்று வையுங்கோ. இன்னொன்று, மறைசாட்சி புதிது. எங்கட ஆட்களுக்கு வேதசாட்சிதான் வாயில வரும். இரத்தசாட்சி என்று சொல்லுகிற சபைகளும் இருக்கு.

யோ.

*

யோ. அண்ணா, சிலுவையோடு சேர்த்துச் சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் எங்கள் பக்கம் தலைச்சுமை என்றால் தலையில் வைத்துக்கொண்டு போகும் சுமை. தலைசுமந்தார் என்றால் பொருளே தலைகீழாகிவிடும்.

செ.

*

செ. சொல்வது சரி. பெரியபுராணத்துப் புகழ்ச்சோழர், பகைவர் தலைக் குவியலில் சடைத்தலை ஒன்றைக் கண்டு, பொற்கலத்தில் ஏந்தித் தம் தலைமேல் சுமந்து தீயில் புகுந்தார். தலைசுமந்தார் என்ற பெயர் அவருக்குத்தான் பொருந்தும். பாருங்கள், நம் மரபில் எந்தக் கதையை எடுத்தாலும் ஒன்று தலை அடுத்தவருடையது, இல்லையென்றால் வெட்டிய கை தன்னுடையது. அதனால்தான் 'தன்' இல்லாமல் முடியாது என்கிறேன்.

கு.

*

அனைவருக்கும்,

நாளை அச்சகம் போகிறது, முடிவு செய்துவிட்டேன். தலைப்பிலும் படக்குறிப்பிலும் 'தலையேந்தி'. முதல் இடத்தில் மட்டும் 'தன் தலையைத் தானே ஏந்திய மறைசாட்சி' என்று விளக்கம். எச்சத்தோடு குழம்பும் என்ற கு. ஐயாவின் எச்சரிக்கைக்காக, வாக்கியத்துக்குள் வரும்போது 'தலையேந்தியார்' என்று மரியாதை விகுதியோடு எழுதுகிறேன். தனிமடலில் சரி என்ற வ. ஐயாவையும் என்னையும் சேர்த்தால், ஐந்து பேரில் மூன்று பேர் தலையேந்தி பக்கம்.

ஒளிவட்டத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். இந்தப் புனிதர்களை வரைந்தவர்களுக்கு அது உண்மையான சிக்கல். சிலர் வெறுங்கழுத்துக்கு மேலே, தலை இருந்த இடத்தில் வட்டத்தை வரைந்தார்கள். சிலர் கையில் இருக்கும் தலையைச் சுற்றி வரைந்தார்கள். புனிதம் உடலில் நிற்கிறதா, தலையோடு போகிறதா என்று ஒவ்வொரு பட்டறையும் முடிவெடுத்திருக்கிறது. மாணவர்களுக்கு அதையே கேள்வியாகக் கொடுக்கிறேன்.

ம.

*

அம்மா,

தலையேந்தியார் எச்சக் குழப்பத்தைத் தீர்க்கும், பிட்சாடனக் குழப்பத்தைத் தீர்க்காது. தஞ்சை, திருவாரூர்ப் பிள்ளைகளுக்குத் தலையேந்தியார் என்றால் கோயில் சுவர் மாடத்தில் நிற்கும் பிட்சாடனர்தான் நினைவுக்கு வருவார். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மறுபதிப்பு வந்தால் தன்றலையேந்தியை மறுபடி இங்கே வைப்பேன்.

ஒளிவட்டம் என்பதற்கும் பிரபை, திருவாசி இரண்டையும் ஒப்பிட்டு எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. தனி இழையில் தொடங்குகிறேன்.

கு.

*

வேதசாட்சியைப் பற்றி ஒருவரும் பதில் எழுதவில்லை. அதுக்கும் ஒரு தனி இழை வேணும்.

யோ.